ஆழாக்குத் திராட்சை எத்தனை கிராம்?

அக்டோபர் பிறந்ததும் எங்கள் வீட்டில் பழம் ஊறப்போடும் வேலை தொடங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கு விவிக்கம் கேக் செய்வதற்காக. புதுச்சேரிக்காரர்களுக்கு விவிக்கத்தை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: மைதா கேக் இல்லை, ரவை கேக். நிறைய வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய உலர்பழங்கள், முந்திரி. ஒரு துண்டு தின்றால் ஒரு வேளைப் பசி அடங்கும்.

செய்முறை எனக்கு வந்தது மாமியாரிடமிருந்து. அத்தை புதுச்சேரியில் பிறந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய பழைய நோட்டில், எண்ணெய் படிந்த ஒரு பக்கத்தில், பென்சிலால் எழுதியிருப்பது இவ்வளவுதான்: திராட்சை 4 ஆழாக்கு. பேரீச்சை 2 ஆழாக்கு. டூட்டி ஃப்ரூட்டி 1 ஆழாக்கு. முந்திரி 2 ஆழாக்கு. (ஆழாக்கு என்பது கொள்ளளவை அளக்கும் பழைய பாத்திரம்.) இதை மனத்தில் வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனால், உலர்பழக் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோம்மா?"

ஆழாக்கைக் கிலோவாக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. கணக்கு கடினம் என்பதால் இல்லை. எதை அளக்கிறோம், எப்படி அளக்கிறோம் என்று முதலில் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. வீட்டில் கேக் செய்கிறவர்கள், பாட்டியின் குறிப்பை வைத்துக்கொண்டு தடுமாறுகிறவர்கள் யாருக்காவது பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் விவிக்கத்தில் கை வைக்க எனக்குத் துணிவில்லை. அப்போது முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் புதுநன்மை (முதல் நற்கருணை) விருந்து. கேக் நானே செய்து தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். ஓர் அமெரிக்கச் செய்முறையை எடுத்தேன். அதில் கலந்த உலர்பழம் மூன்று கப் என்று இருந்தது. என்னிடம் இருந்த கப்பின் அடியில் 250 மில்லி என்று அச்சடித்திருந்தது. மூன்று கப் என்றால் 750 என்று கணக்குப் போட்டு, கடையில் முக்கால் கிலோ வாங்கி, நறுக்கி, அத்தனையையும் மாவில் கொட்டினேன்.

கலக்கும்போதே கரண்டி திரும்ப மறுத்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். வெந்து வந்த கேக்கின் மேல்பக்கம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விருந்தில் வெள்ளை கவுன் போட்ட அந்தச் சின்னப் பெண் கத்தியை வைத்து அழுத்தினாள். துண்டு வரவில்லை. உள்ளே பழத்தைப் பழத்தோடு ஒட்டவைக்கும் அளவுக்குத்தான் மாவு இருந்தது. அடிப்பக்கம் ஈரமாக, களிபோல. அந்த வீட்டம்மா சட்டென்று ஒரு பெரிய கரண்டியை எடுத்துக் கேக்கை அள்ளிக் கிண்ணங்களில் போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். "ருசி நல்லா இருக்குதும்மா" என்றார். ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை வெட்டுவதற்காகக் காத்திருந்த கேக் அது. அவளுக்கு ஒரு முழுத் துண்டு கிடைக்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

செய்முறை கேட்ட மூன்று கப் பழம் எடையில் சுமார் 450 கிராம்தான். நான் போட்டது 750. ஒரு கேக்குக்குள் 300 கிராம் பழம் கூடுதல்.

மில்லியும் கிராமும் ஒன்று என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பள்ளிக்கூடத்தில் தண்ணீரை வைத்துப் படித்ததுதான். தண்ணீருக்கு அது சரி. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். அது தானாக அமைந்ததும் இல்லை. 1795 ஏப்ரல் 7 அன்று பிரான்சில் வந்த அளவைச் சட்டம் கிராமை வரையறுத்ததே தண்ணீரை வைத்துத்தான்: ஒரு கன சென்டிமீட்டர் தூய தண்ணீர், பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில், எவ்வளவு எடையோ அதுதான் ஒரு கிராம். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதும்போது, என் சமையல் மேடையில் இருக்கும் கிராமுக்கும் இந்த ஊருக்கும் ஏதோ உறவு இருப்பதுபோலத் தோன்றுகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரை வைத்துப் பிறந்த சமன்பாடு தண்ணீருக்கும், தண்ணீர்போல இருக்கும் பாலுக்கும் பொருந்தும். திராட்சைக்குப் பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதை ஒரு நாள் கண்ணால் பார்த்தேன். 250 மில்லி கப் நிறையக் கிஸ்மிஸைக் கொட்டி, மேலே விளிம்போடு கத்தியின் முதுகால் இழுத்துவிட்டேன். தராசில் வைத்தால் 154 கிராம். பிறகு கோடு போட்ட குவளையிலிருந்து அந்தக் கப்பில் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். ஏற்கெனவே நிரம்பிய கப், எவ்வளவு தண்ணீர் கொள்ளப்போகிறது என்றுதான் நினைத்தேன். 50 மில்லி உள்ளே போனது. 100 போனது. திராட்சைகளின் சுருக்கங்களுக்கிடையிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழிகள் ஏறி வந்து உடைந்தன. 130ஐத் தாண்டிய பிறகுதான் தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

அதாவது நான் திராட்சை என்று அளந்ததில் பாதிக்கு மேல் காற்று. திராட்சை தண்ணீரைவிட அடர்த்தியானது. ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். ஆனாலும் இடையில் இருக்கும் அந்த வெற்றிடம்தான் கப்பின் எடையைக் குறைக்கிறது. அந்த வெற்றிடம் நிலையாகவும் இருப்பதில்லை. குலுக்கினால் குறையும், அமுக்கினால் இன்னும் குறையும், பழம் பெரிதாக இருந்தால் கூடும். கப்புக்கும் கிராமுக்கும் இடையில் ஒரே எண் கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

இதற்கு மேல் கப் என்பதும் ஒன்றில்லை. அமெரிக்கக் கப் 236.6 மில்லி. அங்கே உணவுப் பொட்டலங்களில் சத்து விவரம் போடும்போது அதையே 240 என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. பழைய இங்கிலாந்துச் சமையல் குறிப்பில் வரும் கப் அரை பைண்ட், 284 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கப்புகளில் 240ம் உண்டு, 250ம் உண்டு. அடியில் என்ன அச்சடித்திருந்தாலும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. காலிக் கப்பைத் தராசில் வைத்து ஜீரோ செய்துவிட்டு, விளிம்பு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். தராசு காட்டும் கிராம்தான் அந்தக் கப்பின் மில்லி. டம்ளர், கிண்ணம், தாத்தா வைத்திருந்த காபி டபரா, எதுவாக இருந்தாலும் இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். என் 250 மில்லி கப் 246 காட்டியது. அது பரவாயில்லை.

ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது அத்தையின் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்பது வாய்ப்பாடு. ஆக, படிக்கு எட்டு ஆழாக்கு. ஆனால் படி ஊருக்கு ஊர் வேறுபட்டதால் ஆழாக்கும் வேறுபடும். வாய்ப்பாடு உறவைச் சொல்லுமே தவிர அளவைச் சொல்லாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்ததும், வெயிட் மெஷினைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும் வரை அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தேன். பெரிய மார்க்கெட்டில் வாங்கிய ஒரு கிலோ கிஸ்மிஸும் அரைக் கிலோ பேரீச்சையும் இன்னொரு பையில்.

அத்தையின் ஆழாக்கு பித்தளை. அவருடைய அம்மா சீதனமாகக் கொடுத்தது. அடிப்பக்கம் உள்வாங்கி ஒரு சொட்டை. எப்போதோ கிணற்றடியில் விழுந்ததாம். அதன் வாயில் தண்ணீர் ததும்பும் வரை ஊற்றித் தராசில் வைத்தேன். 208. சொட்டையையும் சேர்த்த அளவு அது. எட்டால் பெருக்கினால் அந்த வீட்டுப் படி 1664 மில்லி. அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தராசின் எண்ணைக் குனிந்து பார்த்தார். "இத்தனை வருஷமா இதுல அளந்தேன், இதுக்கு ஒரு நம்பர் இருக்குன்னு நெனச்சதே இல்லம்மா" என்றார்.

அப்புறம் திராட்சை. நான் அள்ளிக் கொட்டித் தலைதட்டினேன். 128 கிராம். நோட்டில் எழுதப்போகும்போது அத்தை என் கையைப் பிடித்தார்.

"ஏம்மா, அப்படியா அளப்பாங்க?"

"வேற எப்படி அத்தை?"

"குலுக்கணும்."

ஆழாக்கை வாங்கி இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் திராட்சையை அள்ளிப் போட்டு, இரண்டு தட்டு தட்டிக் கொஞ்சம் சுழற்றினார். திராட்சை அரை விரற்கடை இறங்கியது. மறுபடி போட்டார், மறுபடி தட்டினார், கட்டைவிரலால் விளிம்பை வழித்துவிட்டார். 138 கிராம். திரும்பச் செய்யச் சொன்னேன். 136. இன்னொரு தடவை. 139. எண்பதை நெருங்கும் வயதில், எதையும் பார்க்காமல், மூன்று தடவையும் மூன்று கிராமுக்குள். அதையே நான் செய்தபோது 131, 142, 135. பதினொரு கிராம் வித்தியாசம். கையளவு, கண்ணளவு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அறுபது வருடம் ஒரே பாத்திரத்தில் அளந்த கைக்கு அது எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பேரீச்சைக்கு வந்தபோது அவர் குலுக்கவில்லை. கொட்டை எடுத்து, கத்தியில் நெய் தொட்டு, திராட்சையளவு துண்டுகளாக நறுக்கினார். ஆழாக்கில் போட்டு, நான்கு விரல்களையும் சேர்த்து அமுக்கினார். மேலே இன்னும் போட்டார், இன்னும் அமுக்கினார். 170 கிராம். நான் அதையே அமுக்காமல் தளர்வாகப் போட்டபோது 130. ஒரே பாத்திரம், ஒரே பேரீச்சை, 40 கிராம் வித்தியாசம்.

டூட்டி ஃப்ரூட்டியை அப்படியே கொட்டித் தலைதட்டினால் போதும் என்றார். 150 கிராம். பச்சைப் பப்பாளியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செய்வது அது. சிறு சதுரங்களாக இருப்பதால் நெருங்கி உட்காரும், சர்க்கரையும் கனம். (கேக்குக்கு வாங்கும் சிவப்புச் செர்ரியும் பெரும்பாலும் செர்ரி இல்லை, களாக்காய். அதை நாங்கள் மேலே அலங்காரத்துக்கு மட்டும் வைப்பதால் அளப்பதில்லை, எண்ணுகிறோம்.) முந்திரி பண்ருட்டி முந்திரி, இரண்டாக உடைத்தது. அதற்குத் தலை தட்டக்கூடாதாம். கும்பமாக இருக்க வேண்டும். தலைதட்டினால் 120, கும்பமாக 142.

நோட்டில் இருந்தது வெறும் ஆழாக்கு. குலுக்குவது, அமுக்குவது, கும்பமாக வைப்பது எதுவும் அதில் இல்லை. எழுதத் தேவை என்று அவர் நினைக்கவில்லை. திராட்சையை வேறெப்படி அளப்பார்கள்?

இப்போது கூட்டிப் பார்க்கலாம். அத்தை அளந்தபடி: திராட்சை 552, பேரீச்சை 340, டூட்டி ஃப்ரூட்டி 150, முந்திரி 284. மொத்தம் 1326 கிராம். எல்லாவற்றையும் தளர்வாகப் போட்டுத் தலைதட்டியிருந்தால் 1162. என் பழைய கணக்குப்படி மில்லியைக் கிராமாக எடுத்துக்கொண்டிருந்தால், ஒன்பது ஆழாக்குக்கு 1872. ஒரே நோட்டு, ஒரே பக்கம், மூன்று வேறு கேக்.

திரும்பி வரும் பஸ்ஸில் பேரீச்சையின் அந்த 40 கிராமையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்று பிடிபட்டது. நம் ஊரில் பழைய காலத்தில் எல்லாவற்றையும் படியால் அளக்கவில்லை. அரிசி, உளுந்து, எள், எண்ணெய் போன்ற ஓடுகிற பொருள்களுக்குப் படியும் உழக்கும். புளிக்கும் வெல்லத்துக்கும் பலம், வீசை என்ற எடை அளவுகள். நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. புளியை யாரும் படியில் அளந்ததாகக் கேட்டதில்லை, ஏனென்றால் அமுக்க அமுக்க அது உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பாத்திரத்துக்குள் தானாகப் பரவி உட்காரும் பொருளைப் பாத்திரத்தால் அளக்கலாம். ஒட்டிக்கொள்ளும் பொருளைத் தராசில்தான் போட வேண்டும்.

உலர்பழத்தில் இந்த இரண்டு சாதியும் இருக்கின்றன. கிஸ்மிஸ் உளுந்தின் பக்கம். கொட்டினால் உருளும், குலுக்கினால் உட்காரும், தளர்வுக்கும் இறுக்கத்துக்கும் இடையே வித்தியாசம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும். பேரீச்சையும் அத்திப்பழமும் புளியின் பக்கம். அவற்றில் கப் அளவை நம்பினால் முப்பது சதவீதம்வரை போய்விடும். வீட்டில் தராசு ஒன்று வாங்க வசதியில்லை, அல்லது இருக்கும் தராசை எடுக்கச் சோம்பல் என்றால், திராட்சையைக் கப்பிலேயே அளந்துகொள்ளுங்கள், பெரிய பிழை வராது. பேரீச்சையை மட்டுமாவது எடை போடுங்கள்.

எண்கள் வேண்டும் என்று கேட்பவர்களுக்காக, 250 மில்லி கப்புக்கு நான் கைவசம் வைத்திருக்கும் கணக்கு இது. அமுக்காமல், குலுக்காமல், தலைதட்டி: கிஸ்மிஸ் 150 முதல் 155 கிராம், அமுக்கினால் 175 வரை. நறுக்கிய பேரீச்சையும் நறுக்கிய அத்தியும் 155 அளவில். பாதியாகப் பிளந்த ஆப்ரிகாட் இவற்றைவிட லேசு, 135 முதல் 140. கொட்டை நீக்கிய உலர் பிளம் கனம், 180ஐத் தாண்டும். உலர் கிரான்பெரி 120, 125. முந்திரி 145. அமெரிக்கக் கப் என்றால் இவற்றில் ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்ளலாம். ஒரு மேசைக்கரண்டி கிஸ்மிஸ் 9 அல்லது 10 கிராம். அவுன்ஸ் என்று வந்தால் உலர்பழத்துக்கு அது எடை அவுன்ஸ், 28.35 கிராம். திரவ அவுன்ஸ் 29.57 மில்லி என்பது வேறு. அதைப் பழத்துக்குப் போட்டால் பழைய குழப்பம் திரும்ப வரும்.

இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கப்பில், உங்கள் கடைப் பழத்தை, உங்கள் கையால் மூன்று தடவை அளந்து பாருங்கள். அந்த எண்ணைச் சமையலறை அலமாரியின் கதவுக்குள் ஒட்டிவையுங்கள். என் எண்ணைவிட அது உங்களுக்கு உண்மையானது.

செய்முறையைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, நறுக்குவது முன்னாலா பின்னாலா என்பது. "நறுக்கிய பேரீச்சை ஒரு கப்" என்றால் நறுக்கிவிட்டு அளக்க வேண்டும். "பேரீச்சை ஒரு கப், நறுக்கிக்கொள்ளவும்" என்றால் முழுசாக அளந்துவிட்டு நறுக்க வேண்டும். முழுப் பேரீச்சை கப்பில் குறுக்கும் நெடுக்குமாக நின்று இடத்தை அடைத்துக்கொள்ளும். நறுக்கிப் போட்டால் மட்டம் இறங்கிவிடும். எடையில் எழுதியிருந்தால் இந்தச் சந்தேகமே வராது. 340 கிராம், முழுசாக இருந்தாலும் நறுக்கினாலும் 340 கிராம்தான். கொட்டையை மட்டும் மறக்கக்கூடாது. கொட்டையோடு வாங்கினால் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ கொட்டைக்குப் போய்விடும். 340 கிராம் சதை வேண்டுமென்றால் 400 கிராம் வாங்குவது என் வழக்கம். மிச்சம் இருந்தால் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நம் ஊர் மழையும் இதில் ஒரு கை வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் காற்றும் ஈரமும் சேர்ந்து, வாய் திறந்த பொட்டலத்தில் இருக்கும் கிஸ்மிஸ் இரண்டே நாளில் பிசுபிசுத்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட திராட்சை உருளாது. அப்போது அது உளுந்துச் சாதியிலிருந்து புளிச் சாதிக்கு மாறிவிடுகிறது. நான்கு கிலோ பச்சைத் திராட்சையில் ஏறக்குறைய ஒரு கிலோ உலர் திராட்சைதான் கிடைக்கும். நீரெல்லாம் போய், பழத்தில் மிஞ்சுவது எடையில் பதினைந்து சதவீதம் போல நீர். அந்தப் பழம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கத்தான் பார்க்கும். அதனால் நான் மழை பிடிப்பதற்கு முன்பே, அக்டோபர் முதல் வாரத்தில் வாங்கி, இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுகிறேன். காம்பு கிள்ளுவதை அளப்பதற்கு முன்பும், கழுவுவதை எடை போட்ட பின்பும் செய்கிறேன். கழுவிய திராட்சையை எடை போட்டால் ஒட்டிய தண்ணீருக்கும் சேர்த்துப் போட்டதாகிவிடும். கழுவினால் துணியில் பரப்பி நன்றாக உலர்த்திவிட்டுத்தான் ரம்மில் போட வேண்டும்.

எடையும் எப்போதும் உலர்ந்த நிலையில்தான். ஊறிய பழத்தை எடை போட்டு மாவில் சேர்த்தால், எத்தனை நாள் ஊறியது என்பதைப் பொறுத்துப் பழத்தின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். அக்டோபரிலேயே ஒரு கேக்குக்கு எவ்வளவு பழமோ அதை உலர்ந்த எடையில் பிரித்து, கேக்குக்கு ஒரு ஜாடி என்று போட்டுவிட்டால் டிசம்பரில் தராசைத் தேட வேண்டியதில்லை. ஜாடியில் இருப்பது அப்படியே மாவுக்குள் போகும்.

எடைதான் உயர்ந்தது, பாத்திர அளவு பழைய பழக்கம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அத்தையிடம் அன்றைக்கு ஏறக்குறைய அப்படித்தான் சொன்னேன். அவர் கேட்டார்: "ஜாடி கொள்ளுமா கொள்ளாதான்னு உன் தராசு சொல்லுமா?" சொல்லாது. பழம் ஊறினால் உப்பும். ஜாடியில் முக்கால்வரைதான் போட வேண்டும் என்பது கொள்ளளவுக் கணக்கு. எவ்வளவு ரம் வேண்டும் என்பதும் அப்படித்தான். தண்ணீர் ஊற்றிப் பார்த்த அந்தச் சோதனை இங்கேதான் எனக்கு மறுபடி கைகொடுத்தது. பழத்துக்கு நடுவே பாதிக்குப் பாதி வெற்றிடம் என்றால், ஜாடியில் ஒரு லிட்டர் மட்டத்துக்குப் பழம் இருந்தால் அதை மூட அரை லிட்டருக்குச் சற்று மேல் ரம் தேவை. முன்பெல்லாம் எத்தனை பாட்டில் வாங்குவது என்று தெரியாமல் ஒவ்வொரு வருடமும் ஒன்று கூடவோ குறையவோ வாங்குவோம். அத்தை அவ்வளவுகூட ஊற்றுவதில்லை. பாதிப் பழம் நனையும் அளவுக்கு ஊற்றிவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை ஜாடியைக் கவிழ்த்து வைப்பார். ரம் சேர்க்காதவர்கள் ஆரஞ்சுச் சாறில் ஊறவைக்கலாம். அதற்கும் இதே கணக்குத்தான், ஆனால் அதை வெளியில் மாதக்கணக்கில் வைக்க முடியாது. ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள் போதும்.

கிராமில் எழுதிவைத்ததன் முழுப் பயன் தெரிந்தது போன வருடம். அத்தை வீட்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் ஆறு விவிக்கம் செய்ய வேண்டியிருந்தது. ஐம்பத்து நான்கு ஆழாக்கு அளக்க வேண்டிய இடத்தில், 552ஐயும் 340ஐயும் ஆறால் பெருக்கினேன். திராட்சை 3 கிலோ 300, பேரீச்சை 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆறு கேக்கும் ஒன்றுபோல வந்தன. அதில் ஒன்றை, புதுநன்மை விருந்து நடந்த அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. கத்தியை அவளிடமே கொடுத்தேன். முதல் துண்டு, இரண்டு விரல் கனத்தில், உடையாமல் தட்டுக்கு வந்தது. வெட்டிய முகத்தில் திராட்சையும் பேரீச்சையும் மேலிருந்து கீழ்வரை சமமாகப் பரவியிருந்தன. அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கடித்தாள்.

அத்தையின் நோட்டில் நான் எதையும் அழிக்கவில்லை. ஆழாக்குக்குப் பக்கத்தில் கிராமை எழுதியிருக்கிறேன். குலுக்கி, அமுக்கி, கும்பமாக என்பதையும், ஆழாக்கு 208 மில்லி, அடியில் சொட்டை உள்ளது என்பதையும் எழுதியிருக்கிறேன். என் மகளோ மருமகளோ ஒரு நாள் அந்தப் பித்தளை ஆழாக்கைத் தொலைத்துவிட்டாலும் அளவு தொலையாது.

இந்த வருடப் பழம் போன வெள்ளிக்கிழமை வாங்கியாகிவிட்டது. "திராட்சை ஐந்நூற்று ஐம்பது" என்றேன். கடைக்காரர் நிறுத்துவிட்டு, கொசுறாக ஒரு கை அள்ளி மேலே போட்டார். வீட்டுக்கு வந்து எடை பார்த்தேன், 571. அந்த 21 கிராமை எடுத்துச் சின்னவள் கையில் கொட்டினேன். சரியாக அவள் உள்ளங்கை நிறைந்தது. மீதி ஜாடிக்குள் போய்விட்டது. நாளைக் காலை அதைக் கவிழ்க்க வேண்டும்.